கலந்து போடச் சொன்ன நாற்காலிகள்

மாலை வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். நடந்ததை நடந்த வரிசையில் எழுது, நடுவில் புகுந்து நியாயம் சொல்லாதே. நான் கணக்குப் பதிவு படிக்கத்தான் போனேன். அந்த வகுப்பில் இடமில்லை என்று கட்டுரை வகுப்பில் உட்காரவைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் ஏதாவது எழுதுகிறேன். பெரும்பாலும் மழை பெய்ததா, எத்தனை நாற்காலி வெளியே போயிற்று என்பதோடு சரி. சனிக்கிழமை நடந்ததை எழுத உட்கார்ந்தபோதெல்லாம் இரண்டாம் பக்கத்திலேயே எனக்கு நானே வக்கீலாகிவிட்டேன். கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குகிறேன். இதுவும் சரியாக வருமா தெரியவில்லை.

முதலில் எங்கள் தொழிலைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. என் தாய்மாமா நாற்காலி, மேசை, மைக் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறார். பகலில் எனக்கு அங்கேதான் வேலை. எங்கள் ஊரை ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. நாங்கள் இருப்பது இக்கரை, அவர்கள் இருப்பது அக்கரை. அவர்களைக் கேட்டால் அவர்கள்தான் இக்கரை, நாங்கள் அக்கரை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பேசும்.

இரண்டு கரைக்கும் நடந்த சண்டை ஓய்ந்து, பாலத்தைத் திறந்து, பாலத்தடியில் பொது மண்டபம் கட்டிய பிறகு, மாமா ஒருநாள் கடையிலிருந்த எல்லா நாற்காலிகளையும் கவிழ்த்துப் போட்டு அடியில் பெயின்ட்டால் பொட்டு வைத்தார். பச்சைப் பொட்டு வைத்தவை அக்கரைக்காரர்கள் உட்கார. மஞ்சள் பொட்டு நம்மவர்களுக்கு. எல்லாமே ஒரே அச்சில் வார்த்த வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள். கவிழ்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

"ஏன் மாமா அவங்களுக்குப் பச்சை?" என்று கேட்டேன்.

"இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு பெரியவங்களே கலர் சொல்லிட்டுப் போயிருக்காங்களே. நான் என்ன புதுசா கண்டுபிடிச்சேன்?"

மண்டபத்தில் எந்தக் கூட்டமானாலும் நடுவில் அகலமாக வழி விட்டு, இரண்டு கட்டாகப் போடுவோம். இடது கட்டு பச்சை, வலது கட்டு மஞ்சள், இரண்டும் சம எண்ணிக்கை. முடிந்ததும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துப் பிரித்து அடுக்குவது என் பொறுப்பு. அதில் நான் இதுவரை தப்பு விட்டதில்லை.

அந்தப் பொட்டே எதற்கு என்று கேட்டவர் ஒரே ஒருவர். போன வாரம் இறந்துபோனவர் அவர்தான்.

எங்கள் பக்கத்தில் அவருக்கு 'இன்னொருதரம்' என்று பெயர். சமாதானப் பேச்சில் இக்கரைக்காகப் பேசப் போனவர். பேச்சு நடந்தது, பூட்டிக்கிடந்த பழைய தபால் ஆபீஸில். நாற்காலிகள் மாமாவுடையவை. முதல் நாள் ஒரு பக்கத்து நாற்காலிகளுக்குக் கை இருந்தது, எதிர்ப்பக்கத்துக்குக் கை இல்லை. அதைச் சொல்லி ஒருவரும் உட்காரவில்லை. மாமா ஊரெல்லாம் அலைந்து கையுள்ள நாற்காலிகளோடு திரும்பி வந்தபோது எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். இவர் மட்டும் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாராம். "நான் நின்னுக்கறேன். என் கால் வலிக்கறதுக்குள்ள முடிச்சிடுங்க" என்று சொன்னாராம். அது முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

யாராவது மேசையைக் குத்திக் கத்தினால், "இன்னொரு தரம் சொல்லுங்க, சரியாக் கேக்கலை" என்பாராம். கத்தியவர் இரண்டாம் தரம் கொஞ்சம் இறங்குவார். மூன்றாம் தரம் பேசவே தொடங்கிவிடுவார். "அந்த மனுஷனுக்குப் பாம்புக் காது. கேக்கலைன்னதெல்லாம் சுத்த நடிப்பு" என்று மாமா சொல்லிச் சிரிப்பார்.

பேச்சின் முடிவில், அதுவரை நம்மவர்கள் கையில் இருந்த பாலம் இரண்டு கரைக்கும் பொது ஆயிற்று. இரண்டு பக்கத்துச் சிறைகளில் இருந்தவர்களும் விடுதலை ஆனார்கள். எங்கள் ஆட்கள் எல்லாரும் அக்கரையிலிருந்து ஒரே பஸ்ஸில் பாலம் தாண்டி வந்து இறங்கினார்கள். அதில் என் அப்பாவும் இருந்தார். எனக்கு அப்போது பால் பல் விழுகிற வயசு. யாரோ எலும்பும் தோலுமாக ஒரு ஆள் வருகிறார் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அந்த பஸ்ஸில் வந்தவர்களில் ஒருவர்கூட இன்னொருதரம் ஐயாவிடம் போய் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வருஷம் போகப் போக அவர்கள்தான் அவரை அதிகமாகத் திட்டினார்கள். அவர்களில் முக்கியமானவர் கமாண்டர். எந்தப் படைக்கும் அவர் தளபதியாக இருந்ததில்லை, குரல்தான் அப்படி. "பாலத்தை வித்துட்டு எங்களை வாங்கிட்டு வந்தான். எங்களை யாரு வாங்கச் சொன்னா?" என்பார். டீக்கடையில் எல்லாரும் தலையாட்டுவார்கள். அப்பா திட்டியதில்லை. மறுத்துப் பேசியதும் இல்லை. அந்தப் பேச்சு வந்தால் எழுந்து வீட்டுக்கு வந்து, ரிப்பேருக்கு வந்திருக்கிற ஏதாவது ஒரு ஃபேனைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்.

போன வருஷம் இன்னொருதரம் ஐயா எங்கள் கடைக்கு வந்தார். தேய்ந்த செருப்பு, கையில் மருந்துப் பை. உட்காரச் சொன்னோம். உட்காருவதற்கு முன் நாற்காலியைக் கவிழ்த்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அடியில் பார்த்தார்.

"இது என்ன, அம்மை போட்டிருக்கா?"

மாமா விளக்கினார். அவர் சிரிக்கவில்லை. "நான் ஊரைச் சேத்தேன். நீ நாற்காலியைப் பிரிச்சுட்டியே."

"ஐயா, ஜனங்க கேக்கறாங்க."

"எந்த ஜனம்? ஒரு பேர் சொல்லு."

மாமா என் பக்கம் திரும்பினார். எவ்வளவு யோசித்தும் எனக்கும் ஒரு பேர் அகப்படவில்லை. இத்தனை வருஷத்தில் எந்தக் கரையிலிருந்தும் ஒருவர்கூட எங்களிடம் வந்து, எனக்குத் தனி நாற்காலி கொடு என்று கேட்டதில்லை.

"இன்னொரு தரம் நல்லா யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை நிமிர்த்தி அதிலேயே உட்கார்ந்தார். அது பச்சைப் பொட்டு.

அவர் மகள் மருந்துக்கடை வைத்திருக்கிறார். எல்லாருக்கும் மருந்துக்கடை அக்கா. வியாழக்கிழமை கடைக்கு வந்து, சனிக்கிழமை சாயங்காலம் நினைவுக் கூட்டம், நாற்காலி வேண்டும் என்றார். மாமா வெளியே போயிருந்தார். நான்தான் எழுதிக்கொண்டேன்.

"ரெண்டு கட்டா வேண்டாம்மா. கலந்து போட்டுடு. நடுவுல வழியும் வேண்டாம்."

"ஐயா ஆசைப்பட்டாரா அக்கா?"

"அவர் ஒண்ணும் சொல்லலை. இது என் ஆசை." கொஞ்ச நேரம் பேனா ஸ்டாண்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். "அக்கரையிலிருந்து வருவாங்க. நம்ம பக்கம் எப்படின்னு உனக்கே தெரியும். அந்த பஸ்ல வந்தவங்கள்ல யாராவது ஒருத்தர் வந்தாக்கூடப் போதும்னு இருக்கு. ஆனா யார் வந்தா, யார் வரலைன்னு எனக்குத் தெரியவே கூடாது. ஒரு பக்கம் முழுக்கக் காலியா இருக்கறதை அவர் போட்டோ முன்னாடி உக்காந்து பாக்க என்னால ஆகாது."

"சரிக்கா" என்றேன். "கண்டிப்பா" என்றும் சொன்னேன். அது தேவைப்படாத வார்த்தை.

மாமாவிடம் சொன்னபோது அவர் தாடையைச் சொறிந்தார். "கலந்து போட்டா எவனாவது சண்டை போடுவான். தனியாப் போட்டா யாரும் எதுவும் சொல்லமாட்டான். நீதான் படிக்கிற புள்ளை, பாத்துச் செய்" என்று, முடிவை என் தலையில் கட்டிவிட்டார்.

சனிக்கிழமை மதியம் மண்டபத்தில் வேலையைத் தொடங்கினேன். வண்டிக்காரர் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு பச்சை, ஒரு மஞ்சள், ஒரு பச்சை, ஒரு மஞ்சள் என்று கவிழ்த்துப் பார்த்துப் பார்த்துக் கலந்தேன். கலப்பதைக்கூட முறையாகச் செய்தால்தான் எனக்குக் கை ஓடும். மூன்று வரிசை ஆயிற்று. ஜன்னல் பக்கம் சத்தம் கேட்டது.

"என்ன பாப்பா, சீட்டுக்கட்டு குலுக்கறியா?"

கமாண்டர். டீ டம்ளரோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் இன்னும் சிலர்.

"மருந்துக்கடை அக்கா கலந்து போடச் சொன்னாங்க, சித்தப்பா."

"அப்படிப் போட்டா நம்ம இடம் எது?"

"எங்க வேணா உக்காரலாம் சித்தப்பா. வாங்க நீங்களும்."

"நாங்களா? அந்தாளு கூட்டத்துக்கா?" டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "வரப்போறதில்ல. ஆனா நாங்க வரலைங்கறது தெரியணும்ல? நீ பாட்டுக்குக் கலந்துவிட்டா எப்படித் தெரியும்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குரலை இறக்கி, அன்பாகத்தான் சொன்னார். "உங்கப்பன் என்கூட ஒரே கொட்டடியில கிடந்தவன். பொண்ணு அவன் பேரையும் சேத்துக் குலுக்கறாள்னு அவன்கிட்ட நான் சொல்லணுமா? வேண்டாம், பாப்பா."

அவர்கள் டீக்கடைக்குத் திரும்பிப் போனார்கள். போன பிறகு நான் யோசித்தேன் என்று எழுத ஆசை. யோசிக்கவில்லை. கை தானாகவே மூன்று வரிசையையும் கலைத்தது. பச்சை இடது, மஞ்சள் வலது, நடுவில் வழி. எப்போதும் போடுவதைவிட நேராகக்கூட வந்தது. மேடையில் ஸ்டூல் போட்டு ஐயாவின் போட்டோவை வைத்தேன். போட்டோவில் அவர் யாரோ சொல்வதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்திருந்தார்.

நாலு மணிக்கு அக்கா வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு வலது கட்டில் முதல் வரிசைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தார்.

அக்கரைக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பாலத்தில் நடந்து, சைக்கிளில், ஒரு வேனில். இடது கட்டு நிறைந்துவிட்டது. அப்புறம் வந்தவர்கள் சுவரோரம் நின்றார்கள். வலது பக்கத்தில் அக்காவும், கடைசி வரிசையில் மாமாவும்தான். மாமாவுக்கு போன் வந்தது. காதில் வைத்துக்கொண்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. மணி அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

ஜன்னல் வழியாக டீக்கடை தெரிந்தது. பெஞ்சு நிறைய ஆட்கள். எல்லாரும் இந்தப் பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

சுவரோரம் ஒரு பெரியவர் ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஐயா, அந்தப் பக்கம் காலியா இருக்கு. போய் உக்காருங்க."

"பரவால்லம்மா. அது அவங்க ஆளுங்களுக்குப் போட்டது. வருவாங்க. வர்ற நேரத்துல நாம உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

"நேரமாச்சுங்க ஐயா..."

"அவங்க வராம இருப்பாங்களா? அன்னிக்கு அவங்களை அழைச்சிட்டு வந்த பஸ்ஸை ஓட்டினது நான்தான். பாலத்து மேல ஏறினதும் பஸ்ஸுக்குள்ள ஒரு மூச்சுச் சத்தம் இல்ல. எல்லா முகமும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. இன்னிக்குப் பாத்தா அடையாளம் தெரியுதான்னு பாக்கத்தான் வந்தேன்." தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தந்தார். "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லும்மா. தூரத்துல இருக்கறவங்களுக்கு லேட்டாகும்."

தூரத்தில் இருக்கிறவர்கள் தெருவைத் தாண்டி டீக்கடையில் இருந்தார்கள். அதை நான் சொல்லவில்லை. நான் அவர்களில் ஒருவரின் மகள் என்றும் சொல்லவில்லை. எனக்கு அப்பாவின் முகஜாடை என்று எல்லாரும் சொல்வார்கள். பெரியவர் அடையாளம் கண்டுவிடுவாரோ என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

நான் போய் ஒரு மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். காலி வரிசைகள் பக்கத்திலேயே இருந்தன. வேலைக்கு வந்தவள் உட்காரக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டு, மைக் வயரைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக நின்றேன்.

அக்கா எழுந்து என்னிடம் வந்தார். சத்தமில்லாமல்தான் கேட்டார்.

"கலந்து போடச் சொன்னேன் இல்ல?"

"ஆமாக்கா."

"மறந்துட்டியா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். "மூணு வரிசை போட்டேன்க்கா" என்றேன்.

"அப்புறம்?"

நான் மைக் வயரை மறுபடி சுற்ற ஆரம்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். டீக்கடை பெஞ்சைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி, இப்பப் போடலாம். இன்னொரு தரம்" என்றார். அந்த வார்த்தையை அவர் வேண்டுமென்று சொன்னாரா, வாயில் வந்ததா தெரியாது. சொன்னதும் அவருக்கே உதடு கோணியது. வலது கட்டில் முதல் நாற்காலியைத் தூக்கி நடுவழியில் போட்டார்.

நான் ஓடிப்போய் அடுத்ததை எடுத்தேன். இரண்டு பேருமாக நாலைந்து நாற்காலி நகர்த்துவதற்குள் சுவரோரம் நின்றவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர்களும் வந்து தூக்கினார்கள். உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து தங்கள் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு வலது பக்கம் நகர்ந்தார்கள். டிரைவர் பெரியவர் ஒரு நாற்காலியை ஊன்றுகோலால் தள்ளிக்கொண்டே வந்தார். "பஸ் ரிவர்ஸ் எடுத்த கை, இதுல என்ன" என்றார். யாரோ சிரித்தார்கள். ஒழுங்கில்லாமல், வளைந்து வளைந்து, வழி என்று ஒன்று இல்லாமல் மண்டபம் முழுக்க நாற்காலிகள் பரவின. எல்லாரும் உட்கார்ந்தார்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் காலி இருந்தது. இப்போது பார்த்தால் கூட்டம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். யார் வரவில்லை என்று சொல்ல முடியாது.

எங்கள் மானத்தை அக்கரைக்காரர்கள் மூடிக்கொடுத்தார்கள். அதைச் செய்கிறோம் என்று காட்டிக்கொள்ளவும் இல்லை.

டிரைவர் பெரியவர் பேசினார். அக்காவும் பேசினார். என்ன பேசினார்கள் என்று வகுப்பில் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நான் மைக் பக்கத்தில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. டீக்கடை பெஞ்சு மட்டும் மெதுவாகக் காலியாயிற்று.

கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு மாமா வண்டியோடு வந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன இது, புயல் அடிச்ச மாதிரி?" என்றார். நான் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினேன். வாசலில் அக்கா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் என் கையைக் கவனித்தேன். ஒவ்வொரு நாற்காலியையும் கவிழ்த்துப் பார்த்து, பச்சையை ஒரு அடுக்கிலும் மஞ்சளை ஒரு அடுக்கிலும் வைத்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை. பாதிக்கு மேல் பிரித்து முடித்திருந்தேன். அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அப்பா முன்னறையில் பேப்பர் விரித்து, ஒரு டேபிள் ஃபேனின் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கனவே பளிச்சென்று இருந்த இறக்கைகள். முகத்தை மழித்திருந்தார். தாடையில் பிளேடு கீறிய இடத்தில் துளி பேப்பர் ஒட்டியிருந்தது. அவருடைய நல்ல சட்டை இஸ்திரி போட்டு, ஹேங்கரில், ஜன்னல் கொக்கியில் தொங்கியது.

"கூட்டம் இருந்துச்சா?" என்று இறக்கையிடம் கேட்டார்.

"இருந்துச்சுப்பா."

"பஸ் ஓட்டினவர் வந்திருந்தாரா? உசரமா இருப்பார்."

"வந்திருந்தார். இப்பக் கோல் ஊன்றார்."

"ம்." கொஞ்ச நேரம் துடைத்தார். "நம்ம பக்கம்?"

டிரைவர் ஐயா நின்றுகொண்டே காத்திருந்ததைச் சொல்ல வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தேன். கமாண்டர் சொன்னது, நான் செய்தது, எல்லாவற்றையும்.

"தெரியலப்பா" என்றேன். "நாற்காலியெல்லாம் கலந்து போட்டிருந்தோம். யார் எந்தப் பக்கம்னு பாத்தாத் தெரியாது."

அப்பா நிமிர்ந்தார்.

"கலந்தா? முதல்லேருந்தா?"

"ஆமாப்பா. முதல்லேருந்தே."

அவர் சட்டையைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

"அப்ப நான் வந்திருந்தாலும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது, இல்ல?"

"தெரிஞ்சிருக்காதுப்பா."

எழுந்து ஹேங்கரிலிருந்து சட்டையை எடுத்தார். போடாத சட்டையை மறுபடி எப்படி மடிப்பது என்று தெரியாமல் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். அப்புறம் என்னிடம் நீட்டினார். நான் வாங்கி, கையை உள்ளே மடக்கி, காலரைப் படியவைத்து, மடித்துக் கொடுத்தேன். மடிப்பு நேராக வந்தது.